எண்பதில் நின்ற சக்கரம்

அண்ணன் விழுந்த அன்று காலையில் அவன் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு சொல்தான். "நின்னுருச்சு."

பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கி அவனைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தபோது அதைச் சொன்னான். ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர் தோளைத் தொட்டுப் பார்த்தபோது சொன்னான். அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் செருப்பில்லாமல் ஓடி வந்து என்ன ஆச்சு என்று கேட்டபோதும் அதையே சொன்னான். எது நின்றது என்று நான் கேட்டதற்கு, "சக்கரம்" என்றான். அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டான். இடது காறை எலும்பில் ஒரு கீறல், முழங்கையில் தோல் போயிருந்தது, நெற்றியில் ஒரு புடைப்பு. அந்த வேகத்தில் விழுந்தவனுக்கு இது ஒன்றுமே இல்லை என்று டாக்டர் சொன்னார். விழுந்ததிலிருந்து பஸ் ஆட்கள் வந்தது வரை எதுவும் நினைவில்லை என்று அண்ணன் அவரிடம் சொல்லியிருந்தான். விழுவதற்கு முன்னால் மயக்கம் வந்ததா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றான். அந்த 'இல்லை' கொஞ்சம் தாமதமாக வந்தது. அதை நான் கவனித்தேன். அம்மாவும் கவனித்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் டிப்ளமோ முடித்து ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் தரக் கட்டுப்பாட்டில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அண்ணன் ராணுவத்தில் லாரி டிரைவர். வருடத்துக்கு ஒரு முறை லீவில் வருவான். வந்தால் வீட்டுக்குள் இருக்க மாட்டான், வண்டியில்தான் இருப்பான்.

முந்நூற்றைம்பது சிசி மோட்டார் சைக்கிள். அவனுக்கு முன்னால் வைத்திருந்தவர் அதன் ஹேண்டில்பாரை உயரமாகவும் அகலமாகவும் மாற்றி, சீட்டைத் தாழ்த்தி, கால் வைக்கும் கட்டையை முன்னால் தள்ளியிருந்தார். உட்கார்ந்தால் முதுகு தானாகப் பின்னால் போகும், கால் நீளும். இப்படிப்பட்ட வண்டிக்கு க்ரூஸர் என்று பெயர் இருப்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. எங்கள் தெருவில் அதற்குச் 'சாய்வு நாற்காலி' என்று பெயர்.

நானும் அதை ஓட்டுவேன். அவன் ஊரில் இல்லாத மாதங்களில் வாரம் ஒரு முறையாவது ஸ்டார்ட் பண்ணாவிட்டால் பேட்டரி செத்துவிடும் என்று என்னிடம் ஒப்படைத்திருந்தான். முதலில் ஸ்டார்ட் மட்டும் பண்ணினேன். பிறகு தெரு முனை வரை. பிறகு மதுரை ரோடு. எதிர்வீட்டு அக்கா ஒரு நாள், "ஏட்டி, மாப்பிள்ள வீட்டுக்காரவுக வந்து கேட்டா சமையல், தையலோட இதையும் சேத்துச் சொல்லணுமா?" என்று கேட்டாள். கியர் வலது காலில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

அண்ணன் விழுந்தது எங்கள் ஊருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில், ஒரு நேர்ச் சாலையில். காலை ஏழு மணி. சாலை உலர்ந்திருந்தது. எதிரே வண்டி எதுவும் இல்லை. அவன் அந்தச் சாலையில் நூறு தடவையாவது போயிருப்பான்.

இரண்டாம் நாள் மதியம் அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். துணி பிழிந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். அவனுக்கு மூன்று வயதில் காய்ச்சலோடு இரண்டு தடவை வலிப்பு வந்ததாம். பிறகு வரவே இல்லையாம்.

"அவன்ட்ட சொல்லிராத. டாக்டர்ட்டயும் சொல்லிராத. வேல போயிரும்."

வேலை போகும் என்பது உண்மைதான். ஆனால் எனக்கு அது மட்டும் தோன்றவில்லை. அவன் ஓட்டும் லாரியின் பின்னால் இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம் என்று அவன் எழுதிய கடிதங்கள் வீட்டில் இருந்தன. அவனுக்குச் சாலையில் ஒரு நொடி நினைவு தவறும் என்றால் அதை மறைத்து அவனை அனுப்புவது கொலைக்குச் சமம். தவறாது என்றால், இல்லாத நோயைச் சொல்லி அவன் பிழைப்பைக் கெடுப்பது பாவம். லீவு முடியப் பதினோரு நாள் இருந்தது.

நான் எதையும் எழுதிவைத்துப் பார்க்கிறவள். அன்று மாலை சட்டைப்பை அளவு நோட்டில் எழுதினேன்.

கேள்வி: நினைவு போய் விழுந்தானா, விழுந்து நினைவு போனதா?
1. வண்டியில் கோளாறு.
2. சாலையில் ஏதோ.
3. அவனில்.

முதலாவதை மெக்கானிக் பார்த்தார். ராஜபாளையத்தில் பட்டறை வைத்திருந்த அவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். சக்கரம் நின்றது என்று நாங்கள் சொன்னதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது என்றே எடுத்துக்கொண்டார். அந்தச் சொல்லுக்கு அவர் தொழிலில் வேறு பொருள் கிடையாது. எண்ணெய் தீர்ந்து பிஸ்டன் இறுகினால் ஓடுகிற வண்டி அப்படியே நின்றுவிடும். மூன்று நாள் எடுத்து எஞ்சினை முழுக்கப் பிரித்தார். நான் வேலை முடிந்து போனபோது பிஸ்டனைத் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். ஒரு கீறல் இல்லை.

"ஏமி லேது தங்கச்சி. ஒண்ணுமே இல்ல. பேரிங், பிரேக்கு, செயின் எல்லாம் பாத்துட்டேன். டயரப் பாருங்க. ஓடுற சக்கரம் நின்னா ரோட்ல தேச்சு ஒரு எடத்துல மொட்டையாயிருக்கும். ஆகல. நின்னுருச்சுன்னு சொன்னது யாரு?"

"அண்ணன்."

"அப்ப அவருக்குள்ளதான் என்னமோ நின்னுருக்கு" என்று சிரித்தார்.

வேடிக்கைக்குத்தான் சொன்னார். நான் நோட்டில் ஒன்றாம் எண்ணை அடித்துவிட்டு, மூன்றாம் எண்ணைப் பார்க்காமல் மூடினேன்.

அந்த நாட்களில் அண்ணன் சரியாகத் தூங்கவில்லை. பகலில் அவன் வாசலில் நிற்பதைப் பார்த்தேன். வெயில் பட்ட தரையில் தன் நிழல் விழுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். நான் வந்தால் உள்ளே போய்விடுவான்.

ஐந்தாம் நாள், மில்லில்.

நூற்பு யந்திரத்தில் நூல் சுற்றும் கதிர்கள் சுழலும் வேகத்தைச் சோதிக்க எங்களிடம் ஒரு விளக்கு உண்டு. நொடிக்குப் பல நூறு தடவை மின்னும். கதிர் ஒரு சுற்று முடிப்பதற்கும் விளக்கு ஒரு தடவை மின்னுவதற்கும் பொருத்தம் வந்துவிட்டால், கண்ணுக்குக் கதிர் அப்படியே நிற்கிற மாதிரி தெரியும். அதில் சுற்றிய நூலின் இழையைக்கூட எண்ணலாம். அப்போது விளக்கின் எண்ணைப் படித்துக் குறித்துக்கொள்வோம். நான் விளக்கைப் பிடித்திருந்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி பக்கத்தில் நின்று பார்த்தாள். கதிர் நின்றது. அவள் கை தானாக அதை நோக்கிப் போனது.

அந்த வரிசையைப் பார்த்துக்கொள்ளும் மூத்த தொழிலாளி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அதட்டவில்லை. எல்லாப் புதுப் பெண்ணிடமும் சொல்வதைத்தான் சொன்னாள்.

"நிக்குதுன்னு தொட்டுராத ஏட்டி. நிக்கும்போதுதான் அது முழு ஓட்டத்துல இருக்கு."

இரண்டு வருடமாக நானே சொல்லிக்கொண்டிருந்த சொல் அது. விளக்கைப் பிடித்தவர் 'நிக்குது' என்று குரல் கொடுத்தால், நோட்டு வைத்திருப்பவர் வேகத்தை எழுதுவார். எங்கள் மில்லில் 'நிக்குது' என்றால் ஓடுகிறது என்று பொருள். வீட்டில் எல்லோரும், நான் உட்பட, அண்ணன் சொன்ன சொல்லை மெக்கானிக்கின் மொழியில் கேட்டிருந்தோம். அதனால்தான் மூன்று நாள் ஒரு நல்ல எஞ்சினைப் பிரித்து வைத்திருந்தோம்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய் அந்த இடத்தில் இறங்கினேன். கண்டக்டர் இங்கே ஸ்டாப் இல்லையே என்றார். தெரியும் என்றேன்.

சாலையின் இடது பக்கம், அதாவது கிழக்கே, ஒரு தோட்டம். சாலை ஓரமாகவே பனைமட்டை வேலி. மட்டைகளை நெருக்கமாக நட்டு நடுவில் கயிறு ஓட்டியிருந்தார்கள். வேலி ஆளுயரம். மட்டைக்கும் மட்டைக்கும் இடையில் மூன்று விரல் சந்து. வேலியின் நீளத்தை நடந்து எண்ணினேன், இருநூற்றுப் பத்து காலடி. தை மாதச் சூரியன் வேலிக்குப் பின்னால் தாழ்வாக இருந்தது. வேலியின் நிழல் சாலை முழுக்கக் கோடு கோடாகக் கிடந்தது. கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, சாலையின் மறு ஓரம் வரை. தறியில் பாவு விரித்த மாதிரி. சாலையின் வலது ஓரத்தில் ஒரு பள்ளம், கோரை மண்டியிருந்தது.

தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். பன்றி வருகிறது என்று பொங்கல் கழித்துத்தான் வேலி கட்டினார்களாம். நான் அங்கே விழுந்தவனின் தங்கை என்று தெரிந்ததும் மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

"இது கட்டுன பொறவு மூணு பேரு விழுந்துட்டாக. பஸ்ஸு, லாரிக்கு ஒண்ணும் ஆகல. மோட்டார் சைக்கிள்தான். அதுவும் வெரசா வாரவுகதான்."

மற்ற இரண்டு பேருக்கும் என்ன ஆனது என்று கேட்டேன். ஒருவருக்குக் கால், ஒருவருக்கு ஒன்றுமில்லை என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு சொல்லுதேன், பயந்துராத. மூணு பேரும் கண்ண முழிச்சதும் எங்களப் பாக்கல. அந்தப் பக்கம் பள்ளத்தப் பாத்தாக. கூட வந்த ஆளத் தேடுத மாதிரி. ஒங்க அண்ணன்ட்ட நானே கேட்டேன், தம்பி, பின்னால யாரும் வந்தாகளான்னு. இல்லன்னுதான் சொன்னாரு. ஆனாலும் பாத்துக்கிட்டே இருந்தாரு."

நோட்டில் எழுதினேன்: மூவரும் வலது பக்கம்.

வண்டி சனிக்கிழமை மாலை கையில் கிடைத்தது. ஞாயிறு எனக்கு வார விடுமுறை. மில்லில் வேலை இருப்பதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுக் காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினேன். அண்ணனிடம் எதுவும் சொல்லவில்லை. எதைப் பார்க்கப் போகிறேன் என்று அவனுக்குத் தெரிந்தால், திரும்பி வந்து நான் கேட்கும் கேள்விக்கு மதிப்பு இருக்காது. அவன் ஹெல்மெட் எனக்குப் பெரியது. உள்ளே துண்டைச் சுற்றிப் போட்டுக்கொண்டேன்.

மூன்று முறை போவது என்று முடிவு. நாற்பது, அறுபது, எண்பது.

நாற்பதில் அந்த எஞ்சினின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும். வேலி வந்தது. வெளிச்சமும் இருட்டும் முகத்தில் மாறி மாறி அடித்தன. என் வலது பக்கம் சாலையில் வண்டியின் நிழல் கூடவே வந்தது. நிழலில் சக்கரம் இருந்தது. சுற்றும் சக்கரம் எப்படி மங்கலாக இருக்குமோ அப்படி. வேலி முடிந்தது. குறித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

வேலியைத் தாண்டி, கொஞ்ச தூரத்தில் இருந்த பாலத்தருகே திரும்பி, ஊர்ப் பக்கம் ஒரு கிலோமீட்டர் வந்து மறுபடி திரும்பினேன். அறுபதில் கண்ணாடி அதிர ஆரம்பித்துவிடும், பின்னால் வருவது ஒன்றுக்கு மூன்றாகத் தெரியும். வேலிக்குள் நுழைந்ததும் முகத்தில் அடித்த வெளிச்சம் தனித்தனியாக இல்லாமல் ஒரு சாம்பல் நிறமாகக் கலந்தது. நிழலின் சக்கரத்தில் கம்பிகள் தெரிவது போலிருந்தது. பார்ப்பதற்குள் வேலி முடிந்துவிட்டது.

மூன்றாவது முறை சீக்கிரமே கியரை மாற்றி வேலிக்கு வெகு முன்பாகவே எண்பதைத் தொட்டேன். அந்த வேகத்தில் அடிகள் எல்லாம் ஒன்றாகி ஒரே தொடர் ஓசையாகிவிடும். காலடிக் கட்டையில் பாதம் மரத்துப்போகும். காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். அந்த உயர ஹேண்டில்பாரில் அதற்கு எதிராகத் தொங்கிக்கொண்டுதான் போக வேண்டும். சாலை வண்டிக்குக் கீழே ஓடுகிறதா, வண்டி சாலைமேல் ஓடுகிறதா என்று உடம்புக்குத் தெரியாது. வேலி தொடங்கும் இடத்தில் இருந்த வேப்பமரம் வந்தது, போனது. நான் வலது பக்கம் பார்த்தேன்.

நின்றது.

நிழலில் இரண்டு சக்கரமும் நின்றன. மங்கல் எல்லாம் போய்விட்டது. கம்பிகள் தெரிந்தன. அவை நேராக இல்லை. கீழ்ப் பாதியில் எல்லாக் கம்பியும் ஒரே பக்கமாக வளைந்து, அரிவாள்களை வட்டமாக அடுக்கியது போல. அசையாத அந்த வளைந்த சக்கரங்களோடு ஒரு மோட்டார் சைக்கிள் என் பக்கத்தில், என் வேகத்திலேயே, சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. யாரோ நிறுத்திவைத்த வண்டி. அதை யாரோ இழுத்துக்கொண்டு வருவது போல் வந்தது.

நான் எதிர்பார்த்ததுதான் இது. ஏன் வருகிறது என்று கிட்டத்தட்டத் தெரிந்துகொண்டு போனவள் நான். சந்துகள் வழியாக விட்டுவிட்டு விழும் வெளிச்சத்தில் சுற்றும் சக்கரத்தின் நிழலைப் பார்க்கிற கண்ணுக்கு மில் விளக்கின் அடியில் நடப்பது மாதிரி ஒன்று நடக்கிறது. தெரிந்திருந்தும் என் வலது கைவிரல்கள் பிரேக்கின் மேல் போய் உட்கார்ந்துவிட்டன. அதை உணர்ந்து விலக்கினேன்.

அப்போது இன்னொன்றைப் பார்த்தேன். அந்த வண்டியின் மேல் ஆள் இல்லை.

டேங்க் இருந்தது, சீட் இருந்தது, ஹேண்டில்பார் இருந்தது. சீட்டுக்கு மேல் ஒன்றுமில்லை. நான் அதன்மேல் இல்லை. காதில் எஞ்சின் ஓசை கேட்கவில்லை, அல்லது கேட்டது நினைவில் இல்லை. நேரம் நீண்டது. வேலி முழுவதையும் கடக்க அந்த வேகத்தில் ஆறேழு நொடிக்கு மேல் ஆகாது என்று கணக்குச் சொல்கிறது. எனக்கு அது ஒரு மதிய நேரத்தின் நீளம் இருந்தது. பயமாகக்கூட இல்லை. அதுதான் பயம். நான் எங்கே போனேன் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் இருந்தது. என் இடது கை ஹேண்டிலை விட்டு மேலே எழும்பியிருப்பதைச் சற்றுப் பிறகுதான் கவனித்தேன். நிழலில் கை வருகிறதா என்று பார்ப்பதற்காகத் தூக்கியிருக்கிறேன்.

கை வரவில்லை.

வேலி முடிந்தது. வெயில் முழுதாக விழுந்தது, சக்கரம் மங்கியது, எஞ்சின் ஓசை ஒரேயடியாகக் காதுக்குள் வந்தது. ஹேண்டில்பார் ஒற்றைக் கையில் இடது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து, வேகத்தைக் குறைத்து, பாலத்துக்கு அப்பால் நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டுவிட்டுச் சாலை ஓரத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து நோட்டை எடுத்தேன்.

80. நின்றது. கம்பிகள் கீழ்ப் பாதியில் வளைவு. அரிவாள். விரல் பிரேக்குக்குப் போனது.

ஆள் இல்லாததையும் கையைத் தூக்கியதையும் எழுதவில்லை. எழுதினால் அது அளவு ஆகாது என்று காரணம் சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கோவிலுக்குப் போயிருந்தாள். அண்ணன் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, மறு கையால் அவித்த நிலக்கடலையை உடைத்துக்கொண்டிருந்தான். நானும் எதிரில் உட்கார்ந்தேன். வரும் வழியெல்லாம் சரிபார்த்து வைத்திருந்த கேள்வி. அதில் பதிலின் ஒரு துணுக்கும் இருக்கக் கூடாது.

"நின்னுருச்சுன்னு சொன்னியே, அந்தச் சக்கரத்துல கம்பியெல்லாம் எப்படி இருந்துச்சு?"

அவன் கடலையை வாயில் போடவில்லை. என்னைப் பார்த்தான். பிறகு கடலைத் தோலைப் பார்த்தான்.

"வளைஞ்சு இருந்துச்சு பாப்பா. கீழ எல்லாம். கருக்கருவா மாதிரி." பிறகு, "ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

சொன்னேன். வேலி, சந்து, சூரியன், மில் விளக்கு எல்லாம். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எம்புட்டு வேகத்தில் போனாய் என்று. எண்பது என்றேன். கோட்டிக்காரி என்று திட்டினான். ஆனால் அவன் முகம் ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தளர்ந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அவனுக்கு உள்ளதைச் சொல்ல ஒரு ஆள் கிடைத்துவிட்டது என்று தெரிந்தது.

"அது மேல ஆள் இருந்துச்சா?"

"நீ மொதல்ல சொல்லு" என்றேன்.

"எனக்கு இல்ல" என்றான். "சக்கரம் நின்னதுக்கா நான் விழுந்தேன்? அதப் பாத்து ஆச்சரியப்பட்டுக்கிட்டேதான் போனேன். பொறவுதான் பாத்தேன், சீட்ல நான் இல்ல. செத்துட்டேன்னு நெனச்சேன் பாப்பா. முன்னாடியே விழுந்து செத்து, வண்டி மட்டும் போய்க்கிட்டு இருக்குன்னு. இருக்கனான்னு பாக்கக் கையத் தூக்குனேன். வரல. இன்னும் தூக்குனேன். இத டாக்டர்ட்டச் சொன்னா எங்க அனுப்புவாகன்னு ஒனக்குத் தெரியாதா?"

நானும் தூக்கினேன் என்று சொன்னேன். எழுதாமல் விட்டதைச் சொன்னேன். நோட்டை எடுத்து அடுக்களைத் தரையில் வைத்துப் படம் போட்டேன். சூரியன் தாழ்வாக இருந்தால் நிழல் நீளும். சக்கரத்தின் நிழல் சாலையில் விழும், சீட்டின் நிழலும் சாலையில் விழும், அதற்கு மேல் உள்ளது சாலையைத் தாண்டிப் பள்ளத்துக்குள் கோரையில் விழும். நம் உடம்பு முழுக்கப் பள்ளத்தில் கிடந்தது. கையை எவ்வளவு உயரம் தூக்குகிறோமோ அவ்வளவு தூரம் தள்ளிப்போகும். அதனால்தான் வரவில்லை.

அவன் படத்தை வெகு நேரம் பார்த்தான்.

"பள்ளத்துலதான் இருந்தேனா அப்ப" என்றான்.

நான் போன காரியம் முடிந்துவிட்டது. விழுவதற்கு முன் அவன் முழு நினைவோடு இருந்தான். இல்லாவிட்டால் கம்பி வளைந்ததைப் பார்த்திருக்க முடியாது, கையைத் தூக்கியதும் ஞாபகம் இருக்காது. அம்மா சொன்னதை நான் அவனிடம் சொல்லாமலே இருந்துவிடலாம். ஆனால் நான் சோதித்தது அந்த ஒரு காலையைத்தான். அவனுடைய மூளையை நான் சோதிக்கவில்லை. அதற்குரிய விளக்கு என்னிடம் இல்லை. இருபது பேர் பின்னால் உட்கார்ந்திருக்கும் லாரியை நினைத்துக்கொண்டு, மூன்று வயதில் வந்த வலிப்பைச் சொன்னேன்.

அவனுக்கு அது தெரியாது. கோபப்படுவான் என்று பயந்தேன். கோபப்படவில்லை. கடலைத் தோலை எல்லாம் ஒரு கையால் கூட்டிக் குவித்தான்.

"நீ என்ன நெனைக்க?"

"அன்னைக்கு ஒனக்கு ஒண்ணும் வரல. அது எனக்கு நிச்சயமாத் தெரியும். வேற எதுவும் எனக்குத் தெரியாது."

"பின்னால ஒக்காந்திருக்கவனுக்கு அது போதாதுல்ல" என்றான்.

பட்டாளத்துக்குத் திரும்பிப் போனதும் அங்குள்ள டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லப்போவதாக அம்மாவிடம் அவனே சொன்னான். அம்மா அவனிடம் பேசினாள். என்னிடம் இரண்டு வாரம் பேசவில்லை. சோற்றுத் தட்டை வைக்கும் சத்தத்தில் எல்லாம் இருந்தது. அண்ணன் ரயிலேறிய மறுநாள் நான் மில்லில் கிழிந்த சாக்குகள் கேட்டு வாங்கி, அந்தத் தோட்டத்துப் பெண்ணிடம் கொண்டுபோய் வேலியில் கட்டச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். கண் கூசுகிறது என்று மட்டும் சொன்னேன். அவள் என்னை நம்பவில்லை. ஆனாலும் கட்டினாள்.

அவனை லாரியிலிருந்து இறக்கி ஸ்டோரில் போட்டார்கள். தலையில் கம்பி ஒட்டி மூளையைப் படம் எடுத்தார்கள். வெளிச்சம் மின்னவிட்டுப் பார்த்தார்களாம். தூங்க வைத்து, தூங்காமல் வைத்து, மறுபடி எடுத்தார்கள். ஐந்து மாதம் ஓடியது. அந்த ஐந்து மாதமும் வீட்டில் தபால்காரர் மணியடித்தால் அம்மா கையில் உள்ளதைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போவாள், வாங்கியதைப் பிரிக்காமல் என் முன்னால் வைப்பாள்.

ஆடி மாதம் கடிதம் வந்தது. ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், லாரியையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று முதல் வரியிலேயே இருந்தது. அதைப் படித்ததும் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மற்றதையும் படி என்று சைகை காட்டினாள். சாப்பாடு, குளிர், கூட இருப்பவர்கள் பற்றி எழுதியிருந்தான். நடுவில் ஒரு பத்தி. முதல் நாள் காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும் முன் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, பக்கத்துப் பாறையில் நிழல் விழுகிறதா என்று பார்த்தானாம். விழுந்ததாம். அதற்குப் பிறகுதான் கியர் போட்டானாம். இப்போது தினமும் அப்படித்தான், சூரியன் வராத நாளில் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தான்.

அம்மாவுக்குப் படித்தபோது அந்தப் பத்தியைத் தாண்டி, குளிரைப் பற்றியதற்குப் போய்விட்டேன்.